திறந்து கிடந்த கட்டம்

"அம்மா, இதுல நீ செத்துப் போயிட்டே, வந்து பாரேன்" என்று கூப்பிட்டுச் சிரித்தாள் ஸ்நேஹா.

விசாலம் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக ஒரு வம்சம் தொங்கியது. மேலே கொள்ளுத் தாத்தாக்கள், பெயரும் ஊருமாக. கீழே இறங்க இறங்கக் கட்டங்களில் பெயரே இல்லை. 'லிவிங்' என்ற ஒரு சொல் மட்டும்.

கீழ் வரிசைகளில் ஒரே ஒரு கட்டம் மட்டும் திறந்து கிடந்தது.

விசாலம். பிறப்பு ஜூன் 12, 58. இருப்பிடம் புனே, வானவடி. கட்டடத்தின் பெயர், மாடி, ஃப்ளாட் நம்பர் எல்லாம் இருந்தன.

"யாரோட வம்சம் இது?"

கேட்கும்போதே தெரிந்துவிட்டது. தன் கட்டத்துக்கு மேலே மாமனாரின் பெயரைப் பார்த்துவிட்டாள்.

பதினாறு வருஷமாகப் பெண்ணுக்கு அவள் சொல்லி வளர்த்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் மனிதர்களுக்கு நாம் இருக்கும் இடம் தெரியக்கூடாது. ஏன் என்று கேட்டால், அப்பா லாரியில் அடிபட்டுப் போனதும் உன்னை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்கள், அதனால் உன்னைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன் என்பாள். அதற்கு மேல் கதை நகராது.

ஸ்நேஹாவுக்கு வேண்டியிருந்தது ஒரு போட்டோ. அப்பாவின் முகம் எப்படியிருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

தேட அவளிடம் இருந்த துப்பு ஒரு சாமியின் பெயர். அவளுக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொள்ளும் குலதெய்வம். புகுந்த வீட்டை விட்டு ஓடி வந்தவள், புகுந்த வீட்டுச் சாமியை விட்டுவிட்டு வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

அந்தப் பெயரை இன்டர்நெட்டில் தட்டியதும் அகப்பட்டவர் நியூஜெர்சி லக்ஷ்மிநாராயணன். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணா. கோயில் கும்பாபிஷேகத்துக்காகப் பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொண்டிருந்தார். விவரம் கிடைத்தால் போதும், வேறெதுவும் கேட்காத மனிதர். ஸ்நேஹா கேட்ட போட்டோவை மறந்துவிட்டார். அவள் அனுப்பிய விவரத்தை மறக்கவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை சாஃப்ட்வேர் மறைத்துவிடும், காலமானவர்களை மட்டும்தான் காட்டும் என்று பெரியப்பா எழுதியிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் ஸ்நேஹா விலாசத்தைக் கொடுத்தாள்.

சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை. இறந்த தேதி போடாத எவரையும், பிறந்து நூற்றுப்பத்து வருஷம் தாண்டாத வரைக்கும், உயிரோடு இருப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்நேஹா, காலேஜ் விண்ணப்பங்களில் எழுதிப் பழகிய கையால், அம்மாவுக்கு 12-6-58 என்று எழுதிவிட்டாள். பெரியப்பாவும் அப்படியே ஏற்றிவிட்டார். முன்னால் ஒரு பத்தொன்பதைச் சேர்த்துக்கொள்ளும் புத்தி சாஃப்ட்வேருக்கு ஏது? கிறிஸ்து பிறந்து ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் பிறந்த ஒருத்தி எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள் என்று முடிவு கட்டி, அவளைப் பற்றி இருந்ததையெல்லாம் திறந்து காட்டிவிட்டது.

"யார் யார் பார்த்திருப்பா இதை?" என்று கேட்டாள் விசாலம்.

இன்றைக்குத்தான் கும்பாபிஷேகம். இதைப் பெரிதாக அச்சடித்துக் கோயில் மண்டபத்தில் கட்டியிருக்கிறார்களாம். பங்காளிகள் எல்லோரும் அதன் முன்னால் நின்று தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் கிடைப்பது 'லிவிங்'. பெயரும் விலாசமுமாக இருப்பவள் ஒருத்திதான்.

விசாலம் புடவைத் தலைப்பை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரை அந்தத் தோல் சுருங்கிப் போயிருந்தது. ஸ்டவ் வெடித்தது என்று பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஸ்நேஹா சிரிப்பை நிறுத்தினாள். "எனக்குத்தான் பதினெட்டு ஆயாச்சேம்மா. இனிமே யாரு என்னைப் பிடுங்கிண்டு போவா?"

நியாயமான கேள்வி. விசாலம் போய் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினாள். பட்டப்பகலில் கூடம் இருண்டது.

அம்மாவை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் ஸ்நேஹாவுக்கு. திரையில் அம்மாவின் கட்டத்திலிருந்து ஒரு கோடு பக்கத்துக் கட்டத்துக்குப் போயிற்று. அது அப்பாவின் கட்டம். வருஷா வருஷம் ஆடி அமாவாசையன்று அப்பாவின் பெயரைச் சொல்லி அம்மா கோயிலில் அரிசியும் வாழைக்காயும் கொடுப்பதை, நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள்.

"அசட்டு சாஃப்ட்வேர்ம்மா. உன்னைச் செத்துட்டேங்கறது, அப்பாவை லிவிங்ங்கறது. ரெண்டு பேரையுமே தப்பாப் போட்டிருக்கு பாரு."

விசாலம் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஒருவரைத்தான் தப்பாகப் போட்டிருந்தது.