மூன்றாவது கேஸ்கெட்

பட்டறை மேஜையில் ஒரு கிழட்டு பைக்கின் என்ஜின் ஹெட் மல்லாந்து கிடந்தபடி, தனக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவில்லாமல் அடைத்து உட்காரத் தகுதியான கேஸ்கெட்டைத் தேர்வு செய்துகொண்டிருந்தது.

"ஃபைபர் வந்தான், ஒரே மாசத்தில் கருகினான். அலுமினியம் வந்தான், ஆயிலை ஒழுகவிட்டான். இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகெலும்பே கிடையாது."

புதிதாக வந்த செம்புக் கேஸ்கெட் பணிவாகச் சொன்னது: "ஐயா, மேஜை ஓரத்துல சமமா இருக்கிற அந்தக் கண்ணாடிப் பலகைமேல ஒரு தடவை குப்புறப் படுத்துப் பாருங்களேன். நீங்க வளைஞ்சிருந்தா எந்த கேஸ்கெட்டும் நிக்காது; அதை அது காட்டிடும்."

"நாற்பது வருஷ சர்வீஸ்! என்னையா சோதிக்கச் சொல்ற?" ஹெட் சீறியது. "அடுத்த ஆளை வரச் சொல்லு!"

செம்பு நேராகக் காயலான் டப்பாவில் போய் விழுந்தது. உள்ளே கருகிக் கிடந்த ஃபைபர் நகர்ந்து இடம் கொடுத்தது.

"வாப்பா. நாங்க உழைச்சு, கருகியும் ஒழுகியும்தான் இங்க வந்தோம். நீ வாயைத் திறந்தே வந்துட்டியே, கெட்டிக்காரன்!"