எட்டாம் நம்பர் மலையின் நோயாளிகள்

நோயாளிகள் எல்லோரும் நலம் என்று கம்ப்யூட்டர் திரை மறுபடியும் காட்டியது. சுதர்ஷினிக்கு அழக்கூடத் தெம்பில்லை.

நோயாளிகள் என்றால் தேயிலைச் செடிகள். இலையின் மரபணுக்களைப் படித்து, அதில் கொப்புள நோய் உண்டா என்று சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் அவளுடைய பட்டமே இதை நம்பித்தான் இருந்தது.

வெளிநாட்டு இலை என்றால் பிசகாமல் சொல்லும். அவளுடைய சொந்த ஊரான பொகவந்தலாவையின் இலையைக் கொடுத்தால் மட்டும் நோயே இல்லை என்று ஒரே பிடியாக நின்றது.

அங்கே தோட்டத்து எட்டாம் நம்பர் மலையில் நோய் விழுந்த செடிகளுக்கு அவளே போய்ச் சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்திருந்தாள். அந்தச் செடிகளில் இலை பறித்து அனுப்புவது, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மா வீரம்மா. மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஓர் இலையைக்கூடக் கழிக்க முடியாத கை அது. வேறு யாரை நம்புவது? ஈரம் உறிஞ்சும் மருந்து போட்ட பைகளில் இலை கறுத்துச் சுருங்கித்தான் மையத்துக்கு வரும். வந்ததும் அரைத்துவிடுவார்கள்.

"இன்னும் எத்தன தடவ பாக்குறது சுதர்ஷினி?" அவளுடைய ஆய்வை வழிநடத்தும் நிப்ராஸ் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நாளைக்கு மீட்டிங். இந்த மெஷின் சரிவராதுன்னு சொல்லிருவோம். நீங்க வேற தலைப்புல முதல்லருந்து தொடங்குங்க."

"சரிங்க சார்."

நாற்காலியில் உட்கார்ந்தே ஒருத்தி இப்படிக் களைத்துப்போவாள் என்று சொன்னால் தோட்டத்து லய வீடுகளில் யாரும் நம்பமாட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்து போனில் அம்மாவுக்குக் கோல் எடுத்தாள்.

"இனிமே கொழுந்து அனுப்ப வேணாம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"ஏன், நம்ம கொழுந்து நல்லால்லன்னுட்டாங்களா?"

"கொழுந்து மேல குத்தமில்லம்மா. மெஷினுக்குத்தான் சீக்கு தெரியல. எல்லாம் நல்ல எலைன்னே சொல்லுது."

"நல்ல எலதானே?" அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ நாடா கட்டுன செடியிலதான் பறிச்சேன். யுனிவர்சிட்டிக்குப் போற கொழுந்தாச்சேன்னு, கொப்புளம் விழுந்ததையெல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டுத்தான் அனுப்புனேன்."