எழுத்து எங்கே பார்க்கிறது?

வாருங்கள், நியாயத்தில் நம்பிக்கை உள்ளவர்களே! தலையைக் குனிந்து இந்தக் கொட்டகைக்குள் வாருங்கள். இங்கே ஓர் அநீதி திறந்து கிடக்கிறது. கையில் கிரீஸ் ஒட்டிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் வாசலிலேயே நிற்கலாம். சாட்சி சொல்லக் கண் இருந்தால் போதும்.

தாங்கியின் மேல் ஒரு டர்ட் பைக், மண்மேட்டுப் பந்தய வண்டி. டேங்க் கழன்று, சைலன்சர் கழன்று, எஞ்சினின் தலையும் சிலிண்டரும் கழன்று, பிஸ்டன் மட்டும் வெட்டவெளியில் நிற்கிறது. அதன் முன்னே முழங்காலிட்டிருப்பவள்தான் அதை ஓட்டுகிறவள்.

இன்று பிற்பகல் மேடேறும் பந்தயத்தின் தகுதிச் சுற்று. இந்த முறையும் வண்டி பாதி மேட்டில் திணறினால் அணியில் அவளுக்கு இடமில்லை. பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இந்தப் பருவம் முழுவதும் அது நீலப்புகை கக்கிற்று. ஆயிலைக் குடித்தது. மேட்டைக் கண்டாலே இளைத்தது.

"ரிங் தேஞ்சிருக்கும், பாத்துக்கலாம்" என்றார் கணவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாத்துக்கலாம். இனியும் பொறுக்க முடியாமல் அவளே புது ரிங் வாங்கிவந்து, விடிந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாள்.

கணவர் யார் என்று கேட்கிறீர்களா? தெருமுனையில் வண்டிப் பட்டறை வைத்திருப்பவர். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். மனைவி பந்தயம் ஓட்டுகிறாளாமே என்று இளித்தவர்களிடம், "அவ இஷ்டம், நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்ல" என்று நெஞ்சு நிமிர்த்தியவர். சென்ற பருவத்தில் அவள் விழுந்து தோளெலும்பு முறிந்து கிடந்தபோதும் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. அவள் தேறி எழுவதற்குள், தனியாக உட்கார்ந்து, இதே எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து, பரிசாக நிறுத்தினார். அவள் அழுதாள்.

இதோ, இப்போதும் சமையற்கட்டில் அவர்தான் நிற்கிறார். சீழ்க்கை கேட்கிறது.

"மகாராணி! வயித்தக் கிழிச்சாச்சு, தைக்கத் தெரியுமா? டாக்டர் வரட்டுமா?"

"டாக்டர் மொதல்ல வெங்காயத்த கருக்காம பாத்துக்கட்டும்!"

சிரித்துக்கொண்டே அவள் பிஸ்டனைச் சுற்றியிருந்த இரண்டு ரிங்குகளில் மேல் வளையத்தைக் கட்டைவிரல்களால் விரித்துக் கழற்றினாள். கழற்றிய வாக்கிலேயே துணியில் வைத்தாள்.

எழுத்தைக் காணோம்.

வளையத்தின் ஒரு முகத்தில் கடுகளவு எழுத்து ஒன்று பொறித்திருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்துப் போட்டால் வளையம் ஆயிலைக் கீழே வழிக்காது; மேலே ஏற்றும். ஏறிய ஆயில் எரியும். புகை வரும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கணவரின் பட்டறையில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டரை இறக்குமுன் அவர் உரக்கக் கேட்பார்: "எழுத்து எங்க பாக்குது?" வேலையாள் "மேலே!" என்று சொல்லாமல் அங்கே எந்த எஞ்சினும் மூடப்பட்டதில்லை.

கரியாக இருக்கும் என்று துடைத்தாள். இல்லை. புரட்டினாள். அடிப்பக்கத்தில் இருந்தது.

இரண்டாவதைக் கழற்றினாள். அதுவும் அடிப்பக்கம்.

ஒன்று கைத்தவறு. இரண்டு?

அவசரமாக வளையத்தைச் சிலிண்டருக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அளவுத் தகட்டைச் செருகினாள். தேய்ந்த வளையமென்றால் தடித்த தகடு தாராளமாக நுழையும். மெல்லிய தகடே உரசிக்கொண்டுதான் போயிற்று.

தேய்மானம் இல்லை. துளியும் இல்லை.

சமையற்கட்டில் சீழ்க்கை தொடர்ந்தது.

அவள் எழுந்தாள். வாசல் வரை போனாள். திரும்பினாள். ஸ்பேனரை எடுத்தாள், வைத்தாள். பிறகு முழங்காலிட்டு, அதே பழைய வளையங்களைத் துடைத்து, எழுத்து மேலிருக்கப் பூட்டினாள். புது ரிங் பொட்டலத்தைப் பிரிக்காமல் சீட்டின் மேல் வைத்தாள்.

சிலிண்டரை இறக்க இரண்டு கை போதாது.

"என்னங்க, வந்து ரிங்க அமுக்கிப் பிடிங்க."

துண்டில் கை துடைத்தபடி வந்தவரின் பார்வை எஞ்சினுக்குப் போகவில்லை. பொட்டலத்தில் நின்றது.

"புதுசு போடலியா?"

"பழசு தேயவே இல்லீங்க."

அவர் குனிந்து வளையத்தை அமுக்கிப் பிடித்தார். ஆயிரம் எஞ்சினைப் பூட்டிய விரல்கள் வழுக்கின. அவள் சிலிண்டரைப் பிஸ்டனின் விளிம்பு வரை இறக்கி, அங்கேயே நிறுத்தினாள்.

"எழுத்து எங்க பாக்குது?"

உள்ளே வெங்காயம் கருகும் வாடை.

"மறுபடி விழுந்து உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா..."

"நான் கேட்டது அதில்லீங்க. எழுத்து எங்க பாக்குது?"

"...மேலே."

சிலிண்டர் இறங்கியது.

சாட்சிகளே! 'வேண்டாம்' என்று வாய்திறந்து சொல்பவனோடு வாதாடலாம். 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்துப் பூட்டியவனோடு எங்கே போய் வாதாடுவது? உங்கள் வீட்டிலும் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் தேய்ந்துபோனாள் என்று நீங்களே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். எழுந்து போங்கள். கடைசியாக மூடிய கை எதுவோ, அந்தக் கையாலேயே திறந்து பாருங்கள். பார்த்ததை அவள் முன்னால், அவள் காது கேட்க, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்றே. அவள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்.