பத்துக்குப் பத்து

"பத்துக்கு எத்தினை குடுப்பியள் அங்கிள்? உங்கட டொக்டரில உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?"

"பத்து!" என்றார் பொன்னம்பலம், யோசிக்கவே இல்லை.

தேநீரோடு வந்த சந்திரவதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்சாதிக்கு இந்த மனுசன் ஒருநாளாவது பத்துக் கொடுத்திருக்குமா? கறிக்கு உப்புக் காணும் என்று அவள் சொன்னாலும், தானே ஒருதரம் நக்கிப் பார்த்த பிறகுதான் நம்பும்.

கேள்வி கேட்டவள் நிலக்சி, பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் டொக்டர்மாரை எவ்வளவு நம்புகிறார்கள் என்று அறிய, தமிழ் வீடுகளுக்கு அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். இன்று வோபர்ன் பக்கத்து மாடிக் குடியிருப்பு.

"ஏன் அங்கிள் பத்து?"

"டொக்டர் அன்ரனெற் மாதிரி ஒரு ஆளை உலகத்தில காணேலாது பிள்ளை. 'ஐயா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ' எண்டு என்ன பதமாச் சொல்லுவா! அவ கதைக்கேக்க நான் அந்த முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பன். அரைவாசி வருத்தம் அதிலயே போயிடும்."

பார்ப்பார், பார்ப்பார். பக்கத்துக் கதிரையில் ஒருத்தி குந்தியிருக்கிறாளே, அவளை யார் பார்த்தது!

"அவ சொல்லுறதெல்லாம் செய்வியளோ?"

"செய்யாமல்? சிகரெட்டை விடச் சொன்னா. அண்டைக்கே குப்பையில எறிஞ்சிட்டன்."

சந்திரவதனாவால் இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் கெஞ்சினன் பிள்ளை. என்ர சொல் இந்தாளுக்கு ஒரு சொல்லே? அவ ஒருக்காச் சொன்னவுடன விட்டாச்சு!"

"உனக்கென்ன தெரியும்? அவ படிச்ச மனுசி."

"ஓமோம். அவ தங்கம், நான் தகரம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலக்சி அடுத்ததைக் கேட்டாள். "டொக்டர் உங்களுக்கு உண்மையைத்தான் சொல்லுவா எண்டு நம்புறியளோ?"

"உதென்ன கேள்வி? இவள் எண்டா பொய் சொல்லுவாள். மெலிஞ்சிட்டனோ எண்டு கேட்டா, 'சீச்சீ, இல்லை' எண்டுவாள். டொக்டருக்கு அந்தப் பழக்கமில்லை. இந்தக் கோடைக்குள்ள எழும்பி ஓடித்திரிவன் எண்டு சொல்லிப்போட்டா. அவ சொன்னா நடக்கும். அதுக்கும் பத்துப் போடு!"

சந்திரவதனா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். பொறாமைதான். இல்லையென்று சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை. அவரைக் குளிக்க வார்ப்பது அவள், சத்தி எடுக்கும்போது சட்டி ஏந்துவது அவள். நம்பிக்கை முழுக்க அந்த வெள்ளைச் சட்டைக்கு!

நிலக்சியை வழியனுப்ப எலிவேற்றர் வரை போனாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"அன்ரி, இப்பிடி நம்புற ஒருத்தரையும் நான் இதுவரைக்கும் காணேல்லை. அவரின்ர முகத்தில எவ்வளவு சந்தோசம்! அந்த டொக்டரின்ர வாய்க்குச் சீனிதான் போடவேணும்."

அடக்கி வைத்திருந்த எரிச்சலோடு சந்திரவதனா அவள் பக்கம் திரும்பினாள்.

"அவவின்ர வாய்க்கோ?"

"பின்னை? தமிழ் ஆள் எண்டபடியால்தானே அவ்வளவு பதமாக் கதைச்சிருக்கிறா?"

"ஆர் தமிழ்? அவ மொன்றியல் வெள்ளைக்காரி பிள்ளை. இவருக்கு இங்கிலீசு விளங்காது. 'இனி மருந்து இல்லை, இந்தக் கோடையைத் தாண்டமாட்டார்' எண்டு அவ சொல்லச் சொல்ல, பக்கத்தில இருந்து 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ' எண்டு தமிழில சொன்னது நான்."