வீட்டோடு வந்த வாக்காளர்

இங்கிலாந்தில் ஒரு தோட்டத்துப் பிராணிகளுக்குத் தனிப் பாராளுமன்றம் உண்டு. வெகுகாலம் ஒரே தொகுதியாக இருந்த தோட்டத்தைப் போன வருடம்தான் வாய்க்காலை எல்லையாக்கி வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள்.

வடக்கில் தவளையும் வாத்தும் போட்டியிட்டன. வாத்து ஜெயித்தால் வடக்கிலிருந்த முட்டைக்கோஸ் பாத்தியில் மேயும். அங்கே குடியிருந்த நத்தையையும் விழுங்கிவிடும். அதனால் நத்தை தவளைக்கு ஓட்டுப்போட மூன்று நாள் ஊர்ந்து, பலகைப் பாலத்தைக் கடந்து வந்தது. வடக்கின் வாக்குச்சாவடி என்னவோ தெற்குக் கரையில்தான் இருந்தது.

"வீடு எங்கே?" என்றது அதிகாரி காகம்.

"முதுகுலதான் அண்ணே."

"அப்போ வீடு இப்ப தெற்குல இருக்கு. வடக்குல வீடு இருந்தாத்தான் இங்கே ஓட்டு."

"வீட்டை அங்கே விட்டுட்டு நான் எப்படிண்ணே வர்றது?"

காகம் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டியது. "அதைப் பத்தி ஒண்ணும் போடலையே. அடுத்த ஆளு வாங்க!"

குழம்பிப்போன நத்தை பாத்திக்குத் திரும்பியபோது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்த வாத்து வீடு வீடாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அது பாத்திக்கும் வந்து நிற்கவே, நத்தை கூட்டுக்குள் ஒடுங்கி உள்ளிருந்தபடியே வாத்திடம் கேட்டது:

"அம்மா, நான் இப்ப எந்தத் தொகுதி?"

"இதிலென்ன சந்தேகம்? நம்ம தொகுதிதான்," என்றது வாத்து. "கொஞ்சம் வெளியே வாங்க, பார்ப்போம்."