அக்கா எழுதிய தேதிகள்

ஸ்கேன் திரையில் நெட்டையின் இதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

தையல் ஆலையில் எல்லோருக்கும் அவள் நெட்டைதான். துணைக்குப் போய்வரச் சொல்லி ஆபீஸில் அனுப்பியதால் லைன் சூப்பர்வைசரும் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

நெட்டைக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், இருப்பது ஆபீஸுக்குத் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான்.

"ரத்தத்தத் தள்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

பிறகு எதையோ அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் வந்தது. முழுக்க அடர்சிவப்பாக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வெளிறிக் கிடந்தது.

அங்கே தசை சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கவில்லையாம். சாதாரண எக்கோவில் இது பிடிபடாதாம். லூபஸ் சத்தம் போடாமல் இதயத்திலும் கைவைக்குமாம். ஆரம்பம்தான், மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "போன வாரம் இவங்க இதக் காட்டலன்னா இந்த ஸ்கேனையே நான் எழுதியிருக்க மாட்டேன்."

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் சூப்பர்வைசரின் காது சுட்டது.

நாலாம் தேதி, மாடிப்படியில் இரண்டு முறை நின்றாள். ஒன்பதாம் தேதி, பதினோரு நிமிடம் மெஷினை விட்டுப் போய் உட்கார்ந்தாள். பதினாறாம் தேதி, துணிக்கட்டைப் பாதி வழியில் இறக்கிவைத்தாள். இப்படியே மூன்று மாதம்.

"இவ்வளவு கவனிச்சு யாரும்மா எழுதுனது?"

"எங்க அக்காதான்," என்று நெட்டை சூப்பர்வைசரைக் காட்டினாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"வீட்டு ஆளுங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க," என்றார் டாக்டரம்மா.

சூப்பர்வைசர் கூனிக் குறுகிப்போனாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நெட்டை மார்பில் தடவியிருந்த ஸ்கேன் ஜெல்லைத் துடைத்தபடியே, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

விளக்கம் கேட்டு ஆபீஸ் நெட்டைக்குக் கொடுத்த நகல் அது. மேல்பகுதியைக் கத்தரித்திருந்தாள். தையல்காரியின் வெட்டு, பிசிறே இல்லை.

வெட்டுப்பட்ட வரிகள் சூப்பர்வைசருக்கு மனப்பாடம்.

'மேனேஜர் அவர்களுக்கு. நோய் என்று நடித்து வேலையில் ஏய்க்கும் இவளை நிறுத்திவிடக் காரணங்கள் கீழே.'