நண்டு பிடித்த கயிறு

நடுக்கடலில் ஆளில்லாத ஒரு தீவு. அங்கே காற்று வைத்ததுதான் சட்டம். சுற்றிப்பார்க்க வந்த இரண்டு பேர் கூடாரம் அடித்துவிட்டுக் குளிக்கப் போனார்கள். அடித்த இடம் ஒரு கிழட்டு நண்டின் வளை வாசல்.

வீட்டுக்குள் போக வழியில்லாத நண்டுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஏய் துணிமூட்டை, எந்திரி! இது என் வீடு."

"நானா வந்து உக்காந்தேன்? முளையடிச்சுக் கட்டிவச்சிருக்காங்க பெரியவரே" என்றது கூடாரம்.

"சாக்குச் சொல்லாதே. நீ கிளம்புற வரைக்கும் நான் விடப்போறதில்லை."

நண்டு கூடாரத்தின் கயிற்றைக் கொடுக்கால் கவ்விக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று அடித்தது. முளைகள் மணலிலிருந்து பிடுங்கிக்கொள்ள, கூடாரம் ஆகாயத்தில் எழும்பியது. பிடித்ததை விட்டுப் பழக்கமில்லாத நண்டும் கூடவே போனது.

கீழே தீவு ஒரு தோசை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் கடல் மினுமினுத்தது. பிறந்தது முதல் மணலையே பார்த்து வாழ்ந்த நண்டு திறந்த வாயை மூடவில்லை.

கடைசியில் கூடாரம் ஒரு தாழம்புதரில் சிக்கியது. நண்டு கயிற்றோடு தொப்பென்று மணலில் விழுந்தது.

"இப்பத் திருப்தியா? போய் உங்க வீட்டுல இருங்க" என்று கூடாரம் மூச்சு வாங்கியது.

"வீடு எங்கடா ஓடிப்போகுது?" என்ற நண்டு கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தது. "அடுத்த காத்து எப்ப வரும், அதைச் சொல்லு."